சாயப்பட்டறைக்காரரின் சிவப்பணுக்கள்

போன மாதம் நான் வேலை பார்த்த லேபிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புது மெஷின் வந்திருக்கிறதாம். ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சி, வெள்ளையணு எத்தனை, தட்டணு எத்தனை, சிவப்பணு என்ன பருமன் என்று காபி ஆறுவதற்குள் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறதாம். "இது எதுவுமே இல்லாம சிவப்பணு சைஸை எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். கண்ணால் பார்த்துத்தான் என்றேன். "அஷ்டேனா?" என்று கன்னடத்தில் சிரித்தாள். அவ்வளவுதானா என்று கேட்கிறாள். அந்தக் கண்பார்வையில் ஒருமுறை ஒருவருடைய உயிரே மாட்டிக்கொண்டிருந்த கதையைச் சொல்லலாம் என்று பார்த்தால், அவர்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா ரயில்வேயில் வேலைக்காக மைசூருக்கு வந்தவர். எனக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. லேப் டெக்னீசியன் படிப்பு முடித்து, மண்டி மொஹல்லா பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதல் சில வருஷம் டியூப் கழுவினேன், அப்புறம் சிறுநீர் பார்த்தேன், அப்புறம்தான் ரத்தம் பக்கம் விட்டார்கள். கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரர் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு கம்பெனி பஸ் பிடிப்பார், நான் எதிர்த்திசையில் டவுன் பஸ் பிடிப்பேன். இதற்கு மேல் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது டாக்டர் நாகரத்னாவைப் பற்றி. லேபுக்குத் தலைவி. உயரம் கம்மி, அதனால் மைக்ராஸ்கோப் முன்னால் நாற்காலியில் ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியைப் போட்டு அதன் மேல் உட்காருவார். அவரிடம் ஒரு வினோதமான வழக்கம் உண்டு. ஸ்லைடோடு வரும் சீட்டை, அதில்தான் நோயாளியின் பெயரும், என்ன நோயென்று டாக்டர் எழுதியதும் இருக்கும், முதலில் கவிழ்த்து வைத்துவிடுவார். ஸ்லைடைப் பார்த்து, தான் கண்டதை வாயால் சொல்லி, நான் எழுதிக்கொண்ட பிறகுதான் சீட்டைத் திருப்புவார். "சீட்டை முதல்ல படிச்சா கண்ணு சீட்டைத்தான் பார்க்கும், ரத்தத்தைப் பார்க்காது" என்பார்.

இன்னொன்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "கொத்தில்ல" என்று கன்னடத்தில் இழுத்துச் சொல்லி உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வார். மற்ற டாக்டர்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. இவருக்கு அதுதான் பண்டிகை. அன்றைக்கு காபி ஆறி ஏடு கட்டினாலும் தொடமாட்டார்.

ஸ்லைடு போடுவது பார்க்கச் சுலபம். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம், இன்னொரு கண்ணாடியின் விளிம்பைச் சாய்த்து வைத்து ஒரே தள்ளு. கை நடுங்கினால் வரி விழும், தயங்கினால் கெட்டியாகிவிடும். காய்ந்ததும் சாயத்தை ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, அதன் மேலேயே தண்ணீர் கலந்து, மேலே பளபளவென்று ஒரு படலம் மிதக்கும் வரை காத்திருந்து கழுவ வேண்டும். எல்லாச் சூட்சுமமும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. தண்ணீரில் காரம் கொஞ்சம் ஏறினாலும் எல்லா அணுவும் நீலம் பாரித்துவிடும், அமிலம் ஏறினால் ரோஸ் நிறத்தில் பல்லிளிக்கும். சரியாக வந்தால், சிவப்பணு இளஞ்சிவப்பாகவும் வெள்ளையணுவின் கரு நல்ல ஊதாவாகவும் நிற்கும். அந்த ஊதா வரும் நாளில் எனக்கு வீட்டில் சமையல்கூட நன்றாக வரும்.

மாதேஸ்வரன் எங்களிடம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். கொள்ளேகாலில் பட்டுநூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை வைத்திருந்தார். நூல் வாங்குவதும் அவர்தான், தரம் பார்ப்பதும் அவர்தான். இடது விலாவுக்குக் கீழே ஏதோ கல் மாதிரி இருக்கிறது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது என்று வந்தார். அது வீங்கிய மண்ணீரல். ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளையணு அள்ளிக் கொட்டிக் கிடந்தது. வழக்கமாக வெள்ளையணு எண்ணும் குழாயில் ரத்தத்தைக் கலந்தால் எண்ணும் கண்ணாடியின் கட்டத்தில் கால் வைக்க இடமில்லை. சிவப்பணு எண்ணுகிற குழாயை எடுத்து, இன்னும் பல மடங்கு நீர்க்கச் செய்துதான் எண்ணவே முடிந்தது. மெதுவாக வளரும் வகை ரத்தப் புற்றுநோய். அந்தக் காலத்தில் அதற்கு எங்கள் கையில் இருந்தது ஹைட்ராக்ஸியூரியா என்ற கேப்சூல். நோயை அது வேரோடு எடுக்காது, வெள்ளையணுவை அடக்கி வைக்கும். அளவு மிஞ்சினால் நல்ல அணுக்களையும் சேர்த்து அடக்கிவிடும். அதனால்தான் அடிக்கடி ரத்தம் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தது.

வாராவாரம் மனைவி பழனியம்மாளோடு வருவார். முதல் நாள் விரலைத் துடைத்தபோது ஸ்பிரிட் பஞ்சு மாம்பழ மஞ்சளாக மாறியது. அடுத்த வாரம் மயில்நீலம். என்ன கலர் ஆர்டர் ஓடுகிறது என்று பஞ்சைப் பார்த்தே சொல்லிவிடுவேன். என் கையில் இருந்த ஊதாக் கறையை அவர் ஒருநாள் கவனித்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், உங்க கையில என்னங்க அது?"

"சாயம்தாங்க. உங்க ரத்தத்துக்குப் போடறது."

"அட! அப்ப நீங்களும் நம்ம தொழில்தானுங்களா!" என்று பழனியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டயா? ரத்தத்துக்கும் சாயப்பட்டறை வச்சிருக்காங்க." பிறகு என் பக்கம் குனிந்து, "தண்ணி எங்க புடிக்கிறீங்க? எங்க ஊர்ல கெணத்துத் தண்ணி மாறுனா செவப்பு செவப்பா வராதுங்க" என்றார். இருபது வருஷ சர்வீஸில் தண்ணீரைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே நோயாளி அவர்தான்.

சில மாதங்களில் வெள்ளையணு அடங்கியது, மண்ணீரல் சுருங்கியது, ராகிக்களி இரண்டு உருண்டை இறங்கியது. இனிமேல் மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்று அவரைப் பார்த்துவந்த மருத்துவர் சொல்லிவிட்டார். நல்ல மனிதர், நோயாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறவர்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. மாதம் ஒருமுறை வர ஆரம்பித்ததும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. மருத்துவர் கேப்சூலைக் கூட்டினார். அடுத்த மாதம் இன்னும் ஏறியது, இன்னும் கூட்டினார். அதே சமயம் பழனியம்மாள் வேறு கதை சொன்னார். வாயெல்லாம் புண், ரசம்கூட எரிகிறது என்கிறாராம். காலையில் எழுந்தால் தலையணையில் மூக்கிலிருந்து வந்த ரத்தம். "நடுவால ஒரு வாரம் ரொம்ப முடியாமப் போயிருதுங்க. அப்புறம் தானாச் சரியாயிருது. இங்க வாரப்ப நல்லாத்தான் இருக்காரு." அதுவும் நோயின் குணம்தான் போலிருக்கிறது என்று எல்லாரும் நினைத்தோம். நோய் முற்றுகிறதோ, மருந்துக்கு அடங்காமல் போகிறதோ என்ற பயம் மருத்துவர் முகத்திலேயே தெரிந்தது. அப்படி முற்றினால் எங்கள் யாரிடமும் அதற்கு மருந்து கிடையாது.

அன்றைக்கு மூன்றாவது முறையாக எண்ணிக்கை ஏறியிருந்தது. நான் எண்ணிய கணக்கை மாடிக்கு அனுப்பினேன். அதைப் பார்த்து மருத்துவர் கேப்சூலை மேலும் கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டார். மாதேஸ்வரனும் பழனியம்மாளும் கிளம்பிப் போனார்கள். ஸ்லைடு மட்டும் மற்ற ஸ்லைடுகளோடு தட்டில் காய்ந்துகொண்டிருந்தது.

மத்தியானம் நாகரத்னா மேடம் டைரக்டரி மேல் ஏறி உட்கார்ந்தார். வழக்கம்போல சீட்டுகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. நாலைந்து ஸ்லைடு சாதாரணமாகப் போனது. அடுத்ததில் நின்றார். லென்ஸ் மாற்றினார். எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்த்தார்.

"ரீ ராஜி" என்று என்னைக் கூப்பிட்டார். "இது யாரோ கேப்சூல் சாப்பிடறவங்க. நிறையச் சாப்பிடறாங்க. சிவப்பணுவைப் பாருங்க."

பார்த்தேன். சிவப்பணுவின் பருமனுக்கு எங்களிடம் அளவுகோல், லிம்போசைட் என்ற சின்ன வெள்ளையணுவின் கரு. சாதாரணமாக இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கும். இதிலோ சிவப்பணுக்கள் எல்லாம் அந்தக் கருவுக்குப் பக்கத்தில் உப்பிய பூரிகளாக உட்கார்ந்திருந்தன. ஹைட்ராக்ஸியூரியா ஒழுங்காக உள்ளே போனால் சில வாரங்களில் சிவப்பணு இப்படிப் பருக்கும். அது ஆபத்தில்லை. மருந்து போய்ச் சேர்ந்ததற்கு அதுவே சாட்சி.

"ஆனா வெள்ளையணுவைப் பாருங்க" என்றார். கூட்டம் நெரிந்தது. முதிராத அணுக்கள் வேறு. "மருந்து வாசனையே படாத மாதிரி இருக்கு. ஒரே சொட்டு ரத்தம். பாதி மருந்து நிறையச் சாப்பிட்டேங்குது, பாதி சாப்பிடவே இல்லைங்குது."

"நோய் முத்தினா அப்படி ஆகுமா மேடம்?"

"ஆகலாம். குடிக்கிறவங்களுக்கும் சிவப்பணு பருக்கும். சத்துக் குறைஞ்சாலும் பருக்கும்." உள்ளங்கைகளைத் தேய்த்தார். "கொத்தில்ல!" என்று சொல்லிவிட்டுச் சீட்டைத் திருப்பினார். மாதேஸ்வரன்.

எனக்கு பழனியம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. வாய்ப்புண், மூக்கில் ரத்தம், நடுவில் ஒரு வாரம் முடியாமல் போவது. அதை அப்படியே சொன்னேன். மேடம் கைகளைத் தேய்ப்பதை நிறுத்தினார். சிவப்பணு மெதுவான அணு, மூன்று நான்கு மாதம் உயிரோடு இருந்து பழைய கதையைச் சொல்லும். வெள்ளையணு அவசரக்காரன், இந்த வாரக் கதையைத்தான் சொல்லும். பழைய கதையில் மருந்து இருக்கிறது, இந்த வாரக் கதையில் இல்லை. நடுவில் ஒரு வாரம் மருந்து மிஞ்சிப்போய் வாய் வெந்து, தட்டணு குறைந்து மூக்கில் ரத்தம் வருகிறது. இந்த நிலைமையில் இன்னும் கூட்டிக் கொடுத்தால் அந்த நடு வாரத்தில் என்ன ஆகும்?

"அவர் எங்கே?"

"பஸ்ஸுக்குப் போயிருப்பார் மேடம்."

"ஓடுங்க."

செல்போன் இல்லாத காலம். கொள்ளேகால் போய்விட்டால் அடுத்த மாதம்தான் பிடிக்க முடியும், பிடிக்க ஆள் இருந்தால். லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆட்டோ பிடித்தேன். மண்டி மொஹல்லா சந்தில் வெங்காய மூட்டை இறக்கும் வண்டி ஒன்று நடுரோட்டில் நின்றது. ஆட்டோக்காரரும் வண்டிக்காரரும் ஒருவர் வம்சத்தை ஒருவர் விசாரித்துக்கொண்டிருக்க, நான் இறங்கி ஓடினேன். வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் பஸ் ஸ்டாண்டில் ஓடுவதைப் பார்த்து ஒரு கண்டக்டர், "யாருக்கு என்னாச்சு?" என்று கூடவே ஓடிவந்தார். கொள்ளேகால் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் மாதேஸ்வரன் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"இறங்குங்க, டாக்டரம்மா கூப்பிடறாங்க."

"சீட்டுப் புடிச்சு உக்காந்துட்டனுங்களே மேடம்" என்றார் பாவமாக. பழனியம்மாள் பையை எடுத்துக்கொண்டு அதற்குள் இறங்கியே விட்டார்.

நாகரத்னா மேடத்துக்குத் தமிழ் புரியும், பேச வராது; இங்கே அவர் பேச்சையெல்லாம் நான்தான் தமிழில் எழுதுகிறேன். அவர் கன்னடத்தில் கேட்டார், மாதேஸ்வரன் தமிழில் சொன்னார். குடிப்பீர்களா என்று முதல் கேள்வி. "டீயே சக்கரை போடாமத்தான் குடிப்பாருங்க" என்று பழனியம்மாள் பதில் சொன்னார். கேப்சூல் சாப்பிடுகிறாரா? "டப்பா சரியாக் காலியாயிருதுங்க, நான்தான் பாக்கறேன்." கையைக் காட்டச் சொன்னார். நகங்களில் கறுப்புக் கோடுகள். பட்டறைச் சாயம் என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஸ்பிரிட் போட்டு அழுத்தித் தேய்த்தேன். பஞ்சு மஞ்சளானது, கோடு போகவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். கால் கட்டைவிரல் நகத்திலும் அதே கோடு. அதுவும் கேப்சூலின் வேலைதான். சாயத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

மேடம் அடுத்ததாக நோயைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "நூல் வாங்கும்போது எப்படித் தரம் பார்ப்பீங்க?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசை, அந்த முகத்தில் அது தெரியும். மாதேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கச்சா நூலாத்தான் பாக்கோணுங்க. சோப்புத் தண்ணில கொதிக்க வச்சு, பசையெல்லாம் போக்கி, வெறும் இழையாப் பாக்கோணும். சாயம் ஏத்தினதுக்கப்பறம் பாத்தா ஒரு குறையும் தெரியாதுங்க. சாயம் மூடிரும்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். பிறகு மெதுவாக, "ரத்தமும் அப்படித்தானுங்களே" என்றார்.

"எப்படி?"

"மாத்திரை போட்டுக்கிட்டு ரத்தம் குடுத்தா, அது மாத்திரையோட ரத்தம்ங்க. என்ற ரத்தம் எப்படி இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால பரிச்சைக்கு ரெண்டு வாரம் முன்னாலயே நிறுத்திருவனுங்க. வெறும் இழையா வரோணும்னு."

"அப்ப டப்பா எப்படிக் காலியாச்சு?" என்றேன்.

"டாக்டர் குடுத்தத மிச்சம் வைக்கலாங்களா? ஊருக்குப் போனதும் விட்டதையும் சேத்துப் போட்டுக்குவனுங்க."

பழனியம்மாள் எழுந்துவிட்டார். "ஏய்யா! வாய் வெந்து, கஞ்சி குடிக்க முடியாம நீ கெடக்க, நான் ஊர்ல இருக்கற சாமிக்கெல்லாம் வேண்டிக்கிட்டுத் திரியறேன். நீ பட்டறையில உக்காந்து உன்ற ஒடம்பையே சாயம் போக்கிப் பாத்துட்டு இருந்தயா?" அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அவர் தலை குனிந்தபடியே சொன்னார்: "ஒரு வாட்டியாச்சும் மாத்திரை இல்லாம நல்லா வருதான்னு பாத்தம் புள்ள. வந்துட்டா வுட்டுறலாமே."

அதுதான் விஷயம். எங்களை ஏமாற்றுகிற எண்ணம் அவருக்கு இல்லை. நோய் போய்விட்டதா என்று மாதாமாதம் தனக்குத்தானே பரீட்சை வைத்திருக்கிறார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேடம் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டுக்கொண்டார். "நூலை நாங்க முதல் நாளே பார்த்துட்டோம். அதுல குறை இருக்கு. அந்தக் குறையை இந்த கேப்சூல் போக்காது. நாங்க மாசாமாசம் பார்க்கறது நூலை இல்ல. சாயம் நிக்குதான்னு பார்க்கறோம். சாயம் போடாம வந்தீங்கன்னா நாங்க எதைப் பார்க்கறது?"

மாதேஸ்வரன் விரல் நகத்தை ஒருமுறை தேய்த்துப் பார்த்துக்கொண்டார். சாயம் நிற்கிறதா என்று துவைத்துப் பார்ப்பதும் அவர் தொழில்தானே. "அதுவும் ஒரு பரிச்சைதானுங்க" என்றார் கடைசியில்.

மருத்துவர் மேலிருந்து இறங்கி வந்தார். கூட்டி எழுதிய சீட்டைத் தானே வாங்கிக் கிழித்துப் போட்டார். பழைய சிறிய அளவு, தினமும் ஒரே நேரம், சோதனை நாள் காலையிலும் உண்டு, ஒருநாள் விட்டுப்போனால் சேர்த்துப் போடக்கூடாது. மறுபடி வாராவாரம் வரவேண்டும். அந்த நடு வாரத்தில் கூடுதல் அளவும் விட்டதும் சேர்ந்து உள்ளே போயிருந்தால் ஒரு சின்னக் காய்ச்சலோ ரத்தப்போக்கோ போதும், ஆள் தப்பியிருக்கமாட்டார் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் அன்றிலிருந்து எல்லா நோயாளியிடமும் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தோம்: இன்றைக்குக் காலையில் மருந்து சாப்பிட்டீர்களா? மாதேஸ்வரன் ஒருவர்தான் அப்படிச் செய்திருப்பார் என்று நினைத்துக் கேட்டால், அந்த மாதமே இரண்டு பேர் மாட்டினார்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் வருகிற மாதிரி, எல்லாவற்றுக்கும் வெறுமையாக வரவேண்டும் என்று நினைத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் மாதேஸ்வரன் விரலை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "சாயத்தோட வந்திருக்கனுங்க மேடம். நிக்குதான்னு பாருங்க." போகப்போக எண்ணிக்கை இறங்கி நிலைத்தது. வாய்ப்புண் ஆறியது. நகத்துக் கோடு மட்டும் இருந்தது. அதை அவர் பெருமையாக எல்லாருக்கும் காட்டுவார்.

அப்படியே சில வருஷம் ஓடியது. மஞ்சள் பஞ்சு, நீலப் பஞ்சு, அரக்குப் பஞ்சு. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, நிக்குதுங்களா? நிக்குதுங்க என்று சொல்வேன். எண்ணைச் சொல்லக்கூடாது என்பது லேப் விதி, இதைச் சொல்லலாம் என்று நானே வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் கவிழ்த்த சீட்டோடு ஸ்லைடைப் பார்த்த நாகரத்னா மேடம் நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டார். என்னைப் பார்க்கச் சொன்னார். பாதிக்கு மேல் இளம் அணுக்கள், பெரிய கருவோடு. சிவப்பணுக்கள் பழையபடி பருத்தே இருந்தன, அதனால் அவர் கேப்சூலை ஒருநாள்கூட விடவில்லை என்று தெரிந்தது. சீட்டைத் திருப்பாமலே அது யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. நோயை வேரிலேயே பிடிக்கிற மாத்திரை சில வருஷம் கழித்துத்தான் வந்தது. இப்போது அதைச் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வந்து வயிறு எரியும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேடமே வெளியே போய் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நிக்குதுங்களா?" என்று கேட்டார் மாதேஸ்வரன்.

"இல்லீங்க" என்றார் மேடம், தமிழில். அவர் தமிழ் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பழனியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மாதேஸ்வரன் தலையை ஆட்டினார். "நான் பாக்கலாங்களா?" என்றார்.

அவரை டைரக்டரி போட்ட நாற்காலியில் உட்காரவைத்தோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். நான் திருகைத் திருப்பித் தெளிவாக்கினேன். ரொம்ப நேரம் எழவே இல்லை. மேடம் அவர் தோளைத் தொடலாமா என்று என்னைப் பார்த்தார்.

"மேடம்" என்றார் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த ஊதா எங்க பட்டறையில ஒரு நாளும் வந்ததில்லீங்க. என்ன தண்ணி ஊத்தறீங்க?"

நான் சொன்னேன்.